மினிமம் ட்யூ கட்டிக்கொண்டே இருந்தால் கார்டு கடன் தீராது: நெல்லைக்காரர்களுக்கு ஒரு வழி

முதல் வேலையாக இன்று ராத்திரியே எல்லா கிரெடிட் கார்டுகளின் ஸ்டேட்மென்ட்டையும் திறந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த கார்டு, மொத்த பாக்கி எவ்வளவு, மாத வட்டி எத்தனை சதவீதம், கடைசித் தேதி என்ன, அவ்வளவுதான். வட்டி பெரும்பாலும் மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம் வரை இருக்கும். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் மூணு வட்டி, மூணே முக்கால் வட்டி. தெருவில் ஒருவர் அந்த வட்டிக்குத் தருகிறேன் என்றால் யோசிப்போம், கார்டு என்றால் யோசிப்பதில்லை. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

60,000 ரூபாய் பாக்கி, மூன்றரை வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 2,100, ஜிஎஸ்டி 378, ஆக 2,478 ரூபாய். மினிமம் ட்யூ, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய தொகை, ஐந்து சதவீதம் என்று நீங்கள் 3,000 கட்டுகிறீர்கள். அசலில் கழிவது வெறும் 522. இப்படியே மாதாமாதம் தவறாமல் கட்டி, நாம்தான் ஒழுங்காகக் கட்டுகிறோமே என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். பாக்கி நிற்கிற வரைக்கும் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது, ஸ்வைப் பண்ணிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் பேங்க் ஆப்பில் போய் கார்டின் ஆன்லைன் பரிவர்த்தனையை ஆஃப் பண்ணுங்கள், ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்த கார்டையும் எடுத்துவிடுங்கள். கோயில் கொடை வந்தாலும் சரி, குற்றால சீசன் வந்தாலும் சரி, கையில் இருக்கிற காசுதான்.

கமிஷன் எடுத்துக்கொண்டு கார்டை ஸ்வைப் பண்ணிக் கையில் பணம் தரும் கடைப் பக்கம் போகாதீர்கள். ஒரு கார்டை அடைக்க இன்னொரு கார்டைத் தேய்ப்பதால் கடன் குறைவதே இல்லை, கமிஷன்தான் கூடுகிறது. கந்துவட்டி வேண்டவே வேண்டாம். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் கலெக்டர் ஆபீஸிலேயே ஒரு குடும்பம் உயிரை விட்ட ஊர் இது. ஏற்கெனவே அதில் மாட்டியிருந்தால், 2003லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது, மிரட்டுகிறவர்கள் மேல் போலீஸில் புகார் கொடுக்கலாம், திங்கள்கிழமை கலெக்டரிடம் மனுவும் கொடுக்கலாம்.

சரி, பணத்துக்கு என்ன வழி? நம்ம பக்கத்து வீடுகளில் பீரோவில் கொஞ்சமாவது நகை இருக்கும். அதை பேங்கிலோ கூட்டுறவு சங்கத்திலோ வைத்தால் வட்டி வருஷத்துக்குப் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் வரும். அதே 60,000க்கு மாதம் ஐந்நூறு ரூபாய் வட்டி. 2,478 எங்கே, 500 எங்கே! நகையை அடகு வைத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று தயங்கி, யாருக்கும் தெரியாமல் மாதம் இரண்டாயிரம் ரூபாயைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருப்பதில் என்ன மானம் இருக்கிறது? ஆனால் அந்த நகை உங்கள் மனைவியுடையது, இல்லை அம்மாவுடையது. நோட்டை அவர்கள் முன்னால் விரித்து, ஒரு கார்டைக்கூட மறைக்காமல் காட்டிக் கேளுங்கள், முடிவு அவர்களுடையது. பணம் வந்த அன்றே கார்டு பாக்கியை முழுசாகக் கட்டிவிடுங்கள். அப்புறம் மாதம் கார்டுக்குக் கட்டிய அதே 3,000ஐ நகைக் கடனுக்குக் கட்டி வந்தால் ரெண்டு வருஷத்துக்குள் நகையைத் திருப்பிவிடலாம். வருஷத்துக்கு ஒரு தடவை வட்டியை மட்டும் கட்டி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போனால் ஒருநாள் நகை மூழ்கிவிடும். பிசான அறுவடைப் பணம், போனஸ், எது கைக்கு வந்தாலும் அசலில் போடுங்கள்.

நகை இல்லாதவர்கள் பாக்கியை இஎம்ஐ ஆக மாற்றித் தரச் சொல்லி பேங்கில் கேளுங்கள். வட்டி நன்றாகவே குறையும், பிராசஸிங் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பல கார்டு இருந்தால் எல்லாவற்றுக்கும் மினிமம் கட்டிவிட்டு, மிச்சத்தை எல்லாம் வட்டி அதிகமான கார்டில் போடுங்கள்.

பாக்கியைக் குறைத்துப் பேசி முடிக்கும் செட்டில்மென்ட்டைக் கடைசி வழியாக வையுங்கள், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று பதிந்துவிட்டால் பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது இடிக்கும். வேறு வழியே இல்லை என்றால், பேசி முடித்த தொகையைக் குறிப்பிட்டு பேங்க் தரும் கடிதம் கைக்கு வந்த பிறகே கட்டுங்கள், வசூலுக்கு வருகிறவரின் சொந்த ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரர்களிடம் சொல்லி அசிங்கப்படுத்தவும் கூடாது, இது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் பேங்குக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் பேங்க் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. கார்டு பாக்கி கட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் ஜெயிலில் போட முடியாது, அந்த மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். ஆனால் கொடுத்த செக் பவுன்ஸ் ஆனால் அது வேறு வழக்கு, அதனால் செக் கொடுக்கும் முன் யோசியுங்கள்.

எல்லாம் அடைந்ததும் பாக்கி எதுவும் இல்லை என்ற நோ ட்யூ சான்றிதழ் வாங்கிக்கொண்டு கார்டை மூடச் சொல்லி எழுதுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் பேங்க்தான் உங்களுக்குத் தர வேண்டும்.