புதிய விண்டோஸ் நிறுவியபின் காணாமற்போன கோப்புகளை மீட்டெடுக்கும் முறை

2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இற்கான ஆதரவு முடிவடைந்ததால், கொழும்பில் பலரும் பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ உள்ள கடைகளில் மடிகணினியைக் கொடுத்து விண்டோஸ் 11 நிறுவிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்து திறந்ததும் பிள்ளைகளின் படங்களும் வேலைக் கோப்புகளும் இல்லையென்றால், முதலில் அந்தக் கணினியில் எதையும் தரவிறக்காதீர்கள், எதையும் நிறுவாதீர்கள். வன்தட்டை விரைவு முறையில் ஃபோர்மட் செய்யும்போது (அதாவது வெறுமையாக்கி மீண்டும் தயார்செய்யும்போது) பெரும்பாலும் கோப்புகளின் இருப்பிடப் பதிவுதான் அழிகிறது. அவற்றின் மேல் புதிய தரவு எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே இருக்கும். மீட்பு மென்பொருளையே அதே வட்டில் நிறுவிவிட்டு, எஞ்சியிருந்ததையும் இழப்பவர்கள் உண்டு என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' (Windows.old) என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்மட் செய்யாமல் நிறுவியிருந்தால், அதனுள் 'யூசர்ஸ்' (Users) என்பதைத் திறந்து, உங்கள் பழைய பயனர் பெயரின் கீழ் ஆவணங்களையும் படங்களையும் காணலாம். உடனே வெளி வன்தட்டொன்றில் பிரதி எடுங்கள், ஏனெனில் வழக்கமாகப் 10 நாட்களில் விண்டோஸ் இக்கோப்புறையைத் தானாக நீக்கிவிடும். கூகுள் டிரைவ், வன்டிரைவ் (OneDrive) ஆகிய இணையச் சேமிப்புக் கணக்குகளில் பிரதிகள் இருக்கலாம் என்பதால், அவற்றையும் உலாவியில் திறந்து பாருங்கள்.

அக்கோப்புறை இல்லையென்றால், கணினியில் இருப்பது சுழலும் தட்டுள்ள பழைய வகை வன்தட்டா, சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யா (SSD) என்பதைப் பொறுத்தே மற்றவை அமையும். எஸ்.எஸ்.டி.யை ஃபோர்மட் செய்தால், டிரிம் என்ற கட்டளை பழைய தரவுப் பகுதிகளைப் பயனற்றவையென அறிவித்துவிடுவதால், மீட்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. இதைச் சொல்ல மனம் வருந்துகிறது. ஆயினும் உறுதியாக மீட்டுத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவர்களிடம் ஏமாறாமலிருக்க இதை அறிந்திருப்பது அவசியம்.

வன்தட்டாயின், அதைக் கழற்றி யூ.எஸ்.பி. இணைப்பின் மூலம் வேறொரு கணினியில் பொருத்துங்கள். பின்னர் 'ஃபோட்டோரெக்' (PhotoRec) என்ற இலவச மீட்பு மென்பொருளை அந்தக் கணினியில் திறந்து, வட்டைத் தெரிவுசெய்து, மீட்கப்படும் கோப்புகளைக் கட்டாயம் மூன்றாவதொரு வட்டில் சேமிக்குமாறு அமையுங்கள். கோப்பு வகைகளின் அடையாளக் குறிகளைக் கொண்டு தேடுவதால், பெரும்பாலும் பழைய பெயர்களும் கோப்புறை ஒழுங்கும் கிடைக்கா. வட்டின் கொள்ளளவுக்கேற்பப் பல மணித்தியாலங்கள் ஆகலாம். இடையில் வட்டிலிருந்து டிக், டிக் என்ற ஒலி கேட்டால் உடனே மின்னைத் துண்டித்து, தரவு மீட்பு நிபுணரிடமே கொடுங்கள்.

கிடைத்த கோப்புகளைத் திறந்து சரிபார்த்து, இன்னொரு பிரதியும் எடுத்தபின் மட்டுமே பழைய வட்டை மீண்டும் பயன்படுத்தத் தொடங்குங்கள்.