இரண்டு பேர் வீட்டுக்கு மீல் கிட்: கணக்கு எங்கே தப்புகிறது

அமெரிக்காவில் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு மீல் கிட் கட்டுப்படியாகுமா என்று நண்பர்கள் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். அருமை என்பார் ஒருவர், பகல் கொள்ளை என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். வந்த பெட்டி ஒன்றுதான். அதில் எந்தச் சமையலைத் தேர்ந்தெடுத்தார்கள், எந்த விலையோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்குச் சுருக்கமாக: இது சமைத்த சாப்பாடு இல்லை. காய்கறி, இறைச்சி, மசாலா, சாஸ் எல்லாம் அந்தந்தச் சமையலுக்கு வேண்டிய அளவுக்குப் பிரித்துக் கட்டி, செய்முறை அட்டையோடு வாரம் ஒரு பெட்டியாக வாசலுக்கு வரும். நறுக்குவதும் வதக்குவதும் நம் வேலை. இதை விற்கும் நிறுவனங்களில் ஹலோஃப்ரெஷ் 2011-இல் பெர்லினில் தொடங்கியது. ப்ளூ ஏப்ரன் 2012-இல் நியூயார்க்கில். எவ்ரிபிளேட், டின்னர்லி போன்றவை கொஞ்சம் மலிவு ரகம்.

முதல் பெட்டியின் விலையை நம்புவது

எல்லோரும் முதலில் சறுக்கும் இடம் இது. முதல் பெட்டிக்குப் பாதி விலை, இத்தனை சாப்பாடு இலவசம் என்று கூப்பன்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அந்த இலவசச் சாப்பாடுகள் ஒரே பெட்டியில் வருவதில்லை. பல வாரங்களுக்குத் தள்ளுபடியாகப் பிரித்துவிடுவார்கள். முதல் வாரம் தாராளமாக, அப்புறம் சொட்டுச் சொட்டாக. டெலிவரிக் கட்டணம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேராது.

தள்ளுபடி எல்லாம் தீர்ந்த பிறகு வரும் விலையைத்தான் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் ஒரு ஆள் சாப்பாட்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டு டாலர், பெட்டிக்கு டெலிவரி பத்து டாலரை ஒட்டி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கு வாரம் மூன்று சமையல் என்றால் ஆறு சாப்பாடு. பதினொரு டாலர் வீதம் 66, டெலிவரி 10, ஆக 76. ஒரு வேளைக்கு, இரண்டு பேருக்கும் சேர்த்து, ஏறக்குறைய 25 டாலர். டெலிவரி பெட்டிக்கு ஒன்று என்பதால் சின்ன பெட்டி வாங்குகிறவருக்குத்தான் அது அதிகம் உறைக்கும். நான்கு பேர் வீட்டில் பரவிப் போகும் அதே பத்து டாலர், இங்கே ஒவ்வொரு தட்டிலும் ஒன்றரை டாலருக்கு மேல் ஏற்றிவிடும்.

தள்ளுபடி முடிந்ததும் ஆட்கள் கழன்றுகொள்வது இந்தத் தொழிலின் தீராத தலைவலி. ப்ளூ ஏப்ரன் 2017-இல் பங்கு ஒன்றுக்கு 10 டாலர் என்று பங்குச் சந்தைக்குப் போன நிறுவனம். 2023-இல் மொத்த நிறுவனமும் சுமார் 103 மில்லியன் டாலருக்குக் கைமாறியது. அதனால் கூப்பன் தீர்ந்ததும் நிறுத்துவதில் நமக்கு எந்தக் கூச்சமும் வேண்டாம்.

தவறான சாப்பாட்டோடு ஒப்பிடுவது

25 டாலர் அதிகமா குறைச்சலா? கடையில் இதே பொருள் என்ன விலை என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு எப்போதும் அதிகம்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பெட்டி இல்லாவிட்டால் அன்று ராத்திரி என்ன சாப்பிட்டிருப்போம்?

வேலை முடிந்து ஏழரைக்கு வீடு வந்து, யார் சமைப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கடைசியில் ஓட்டல் சாப்பாடு வரவழைக்கும் டோர்டாஷ் ஆப்பைத் திறக்கும் வீடாக இருந்தால், இரண்டு பேருக்குக் கட்டணமும் டிப்ஸும் சேர்த்து 45, 50 டாலர் ஆகிவிடும். அங்கே கிட் லாபம். ஞாயிற்றுக்கிழமையே இட்லி மாவு அரைத்து வைத்து, வார நாளில் ரசம், அப்பளம், ஒரு பொரியல் என்று முடித்துக்கொள்ளும் வீடாக இருந்தால் அதே கிட் வெட்டிச் செலவு. ரசம் சாதத்தோடு போட்டியிட்டு எந்த மீல் கிட்டும் ஜெயிக்க முடியாது.

இரண்டுங்கெட்டான் நிலைதான் மோசம். பெட்டியும் வரும், வெள்ளிக்கிழமை பீட்சாவும் வரும், மூன்றாவது கிட்டில் இருந்த பச்சைப் பீன்ஸ் ஃப்ரிட்ஜில் கொழகொழத்துக் கிடக்கும். போன மாத கார்டு பில்லை எடுத்து, வாரத்துக்குச் சராசரியாக எத்தனை நாள் வெளியிலிருந்து வரவழைத்தீர்கள் என்று எண்ணுங்கள். அதற்கு மேல் ஒரு கிட்கூட வேண்டாம்.

வீட்டில் இருக்கும் சமையலையே வாங்குவது

என் பார்வையில் இதுதான் பெரிய தவறு. நம்மவர்கள் அதிகம் செய்வதும் இதைத்தான். பட்டியலைத் திறந்ததும் கண் தானாகவே கொண்டைக்கடலைக் கறி, சிக்கன் டிக்கா மசாலா பக்கம் போகும். தெரிந்த ருசி, பயமில்லை. பெட்டியைப் பிரித்தால் ஒரு டப்பா கடலை, ஒரு வெங்காயம், கட்டைவிரல் அளவு இஞ்சி, ஒரு சின்ன பாக்கெட்டில் கறிப் பவுடர். கடலை டப்பா கடையில் ஒன்றரை டாலர்கூட இருக்காது. மற்றதெல்லாம் அஞ்சறைப்பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறது, இதைவிட வாசனையாக.

சின்ன வீட்டின் உண்மையான பிரச்சினை மிச்சம். ஒரு சூப்புக்கு இரண்டு காம்பு செலரி வேண்டும். கடையில் ஒரு முழுக்கட்டு. கொஞ்சம் பார்ஸ்லி வேண்டும், அதுவும் கட்டு. இரண்டு ஸ்பூன் சவர் கிரீம் வேண்டும், டப்பா. நான்கு பேர் வீட்டில் அந்த வாரத்துக்குள் ஏதாவது ஒரு வழியில் தீர்ந்துவிடும். இரண்டு பேர் வீட்டில் செலரி வளைந்து தொய்ந்து, பார்ஸ்லி காய்கறித் தட்டின் அடியில் கறுத்த நீராகக் கசியும். சவர் கிரீம் டப்பாவைத் திறந்தால் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருக்கும். கிட் விற்பது உண்மையில் இந்த மிச்சமில்லாத் தன்மையைத்தான். அதற்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று புரிந்துவிட்டால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் தெளிவாகிவிடும்: கடையில் வாங்கினால் எதில் அதிகம் மிஞ்சி வீணாகுமோ, அந்தச் சமையல்.

பச்சை இலைகள், கிரீம், பாலாடைக்கட்டி, கால்வாசி முட்டைக்கோஸ் என்று சீக்கிரம் கெடும் பொருள்கள் நாலைந்து சேரும் சமையல் என்றால் கிட் நியாயம். தக்காளி சாஸ் பாஸ்டாவுக்கு நியாயமில்லை. பாஸ்டாவும் டப்பாத் தக்காளியும் அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும். கோச்சுஜாங் (கொரிய மிளகாய் விழுது), மிசோ (ஜப்பானிய சோயா விழுது), தஹினி (எள் விழுது) போன்றவை நடுவில் வருகிறவை. ஒரு முறை கிட்டில் ருசி பார்க்கலாம். பிடித்துவிட்டால் டப்பாவாகவே வாங்கிவிடுங்கள். அவை ஃப்ரிட்ஜில் மாதக்கணக்கில் கெடாது.

தனி ஆள், சைவம், சாதத்தின் அளவு

தனியாக இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பெரும்பாலான நிறுவனங்களில் குறைந்தபட்சத் திட்டமே இரண்டு பேருக்குத்தான். பாதியை மறுநாள் மதியம் ஆபீசுக்கு எடுத்துப் போகிறவர் என்றால் சரி. அப்படியானால் மறுநாளும் வாயில் வைக்க முடிகிற சமையலாக எடுக்க வேண்டும். சாலட், வறுத்த மீன், டாக்கோ எல்லாம் ராத்திரி தாண்டாது. குழம்பு வகை, ரைஸ் பௌல் தாங்கும்.

சைவக்காரர்கள் இலைப் படத்தைப் பார்த்ததும் ஆர்டர் போட்டுவிடக் கூடாது. அங்கே சைவம் என்றால் முட்டை உண்டு. அசல் பார்மெசான் பாலாடைக்கட்டி கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைய வைப்பது. வூஸ்டர்ஷைர் சாஸில் வழக்கமாக நெத்திலி இருக்கும். ஒவ்வொரு சமையலின் பக்கத்திலும் பொருள் பட்டியல் முழுதாகப் போட்டிருப்பார்கள். ஆர்டரை மாற்றும் கெடு முடிவதற்குள் படித்துவிட வேண்டும். பர்ப்பிள் கேரட் என்ற நிறுவனத்தில் முழுக்கத் தாவர உணவு, இந்தச் சந்தேகமே வராது. ஆனால் பாலும் தயிரும்கூட வராது.

அப்புறம் அரிசி. இரண்டு பேருக்கு அரை கப், மிஞ்சினால் முக்கால் கப். பார்த்தால் சிரிப்புதான் வரும். நம் அரிசியில் ஒரு பிடி சேர்த்துப் போட்டால் ஆயிற்று என்று தோன்றும், ஆனால் சாஸும் அந்த அரை கப்புக்கு அளந்ததுதான். சாதம் கூடினால் பிசைய ஒன்றும் இருக்காது. பக்கத்தில் ஒரு தயிர்ப் பச்சடி வைத்துக்கொள்வது மேல்.

அட்டையில் போட்டிருக்கும் 30 நிமிடத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். முதல் தடவை முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஓவனை 425 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாக்கு என்பது பல அட்டைகளில் முதல் வரி. நம் வீடுகளில் ஓவனுக்குள் வாணலியும் இட்லித் தட்டும் அடுக்கியிருக்கும். அதையெல்லாம் இறக்கி வைக்கவே ஐந்து நிமிடம். எக்ஸாஸ்ட் ஃபேன் போடாமல் அந்தச் சூட்டில் எண்ணெய் தடவிய காயை வைத்தால், அபார்ட்மெண்டில் புகை அலாரம் அலற வாய்ப்பு அதிகம். உப்பு, மிளகுத்தூள், எண்ணெய் பெட்டியில் பெரும்பாலும் வராது, சில நேரம் வெண்ணெயும் முட்டையும்.

பெட்டியை வாசலிலேயே விடுவது

வீட்டில் ஆள் இல்லாத நாளில் டெலிவரி வைப்பது அசைவக்காரர்களுக்கு ஆபத்து. ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகமும் 2017-இல் இப்படி அஞ்சலில் வந்த பெட்டிகளைச் சோதித்தன. இறைச்சி, மீன் போன்றவற்றில் ஏறக்குறைய பாதி, பாதுகாப்பான எல்லையான 40 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. அது 4 டிகிரி செல்சியஸ். பெட்டியைத் திறந்ததும் இறைச்சிப் பொட்டலத்தைத் தொட்டுப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்ததுபோல் சில்லென்று இல்லாவிட்டால் படம் எடுத்து அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், சமைக்காதீர்கள். சமைக்கும் வரிசையும் முக்கியம்: மீனும் கோழியும் முதல் இரண்டு நாளில், காய்கறிச் சமையல் கடைசியில். பசித்த நேரத்தில் எது ஆசையாக இருக்கிறதோ அதை எடுக்கும் வீட்டில் மீன்தான் கடைசியில் தங்கும்.

பிளாஸ்டிக்கைப் பார்த்துக் குற்ற உணர்வு வருகிறவர்களுக்கு ஒரு தகவல். மிச்சிகன் பல்கலைக்கழகம் 2019-இல் ஐந்து சமையல்களைக் கிட்டிலும் கடைப் பொருளிலும் செய்து ஒப்பிட்டது. பொட்டலம் கிட்டில்தான் அதிகம். ஆனால் கடையிலும் வீட்டிலும் வீணாகும் உணவையும் சேர்த்துப் பார்த்தால், கடைப் பொருளில் செய்த சாப்பாட்டின் பசுங்குடில் வாயு சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. ஐஸ் பாக்கெட்டில் இருக்கும் ஜெல்லை மட்டும் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். குப்பையில் போட வேண்டியதுதான்.

நிறுத்த மறப்பது

மீல் கிட் பெரும்பாலும் சந்தா முறை. நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் அடுத்த வாரமும் பெட்டி வரும். சமையலையும் அவர்களே தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். மாற்றவோ அந்த வாரத்தைத் தவிர்க்கவோ கெடு, டெலிவரிக்குச் சுமார் ஐந்து நாள் முன்பே முடிந்துவிடும். டிசம்பரில் ஊருக்குக் கிளம்பும் குடும்பங்கள் மாட்டுவது இங்கேதான். சென்னையில் இறங்கி போனைத் திறந்தால் உங்கள் பெட்டி வழியில் இருக்கிறது என்று செய்தி நிற்கும். நீண்ட பயணம் என்றால் வாரம் வாரமாகத் தவிர்க்காமல் சந்தாவையே ரத்து செய்துவிடுங்கள். ரத்து செய்கிறவரைப் போகாதே என்று நாலு பக்கம் கெஞ்சுவார்கள். கடைசிப் பக்கத்தில் உறுதி செய்தி வரும்வரை அழுத்திக்கொண்டே போக வேண்டும். திரும்பி வந்தால் பழைய வாடிக்கையாளருக்கு என்று நல்ல கூப்பன் காத்திருக்கும். சந்தாவே பிடிக்காதவர்களுக்கு, ப்ளூ ஏப்ரன் 2025-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது.

ரத்து செய்யும்போது செய்முறை அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஹலோஃப்ரெஷ் தன் செய்முறைகளை இணையத்திலும் இலவசமாகவே வைத்திருக்கிறது. பிடித்த சமையல் நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, ஒரே வாரத்தில் ஒரே கீரைக் கட்டையோ கிரீம் டப்பாவையோ பங்குபோடும் இரண்டு சமையலாக ஜோடி சேர்த்து, கடையில் வாங்குங்கள். திங்கட்கிழமை டாக்கோவில் பாதி கொத்தமல்லியும் பாதி சவர் கிரீமும் போனால், புதன்கிழமை மிளகாய்-பீன்ஸ் சூப்பில் மீதி தீர்ந்துவிடும். இரண்டு வேளைக்கும் சேர்த்து, இரண்டு பேருக்கு, ஒரு கிட்டின் விலைகூட ஆகாது.