மேகம் விலகும் அரைமணிக்கு ஒரு டெலஸ்கோப்

டெலஸ்கோப் வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது என்று மலையில் இருக்கிறவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: அதை ஒரே நடையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட முடியுமா? கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். எட்டு மணிக்கு வானம் பளிச்சென்று இருக்கும், எட்டரைக்குக் கீழேயிருந்து மேகம் ஏறி வந்து எதிர்வீட்டு விளக்கையே மறைத்துவிடும், அப்புறம் பத்து மணிக்கு மேல் யாரும் எதிர்பார்க்காதபோது மறுபடி திறக்கும். நமக்குக் கிடைப்பது அந்த இடைவெளிதான். பெட்டிகளைப் பிரித்து, ஸ்டாண்டை விரித்து, எடைக்கல் பூட்டி முடிப்பதற்குள் அது போய்விடும். இன்னொன்று, தேயிலைக்குள்ளிருந்து காட்டுமாடோ கரடியோ வந்தால் உடனே வீட்டுக்குள் போகவேண்டும், கையில் கனமான சாமான் இருக்கக்கூடாது.

அதனால் முதலில் பைனாகுலர் வாங்குங்கள். 10×50 என்றால் பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் அகலம் 50 மில்லிமீட்டர். கை நடுங்கும் என்றால் 7×50 போதும். சாய்வு நாற்காலியில் படுத்து, முழங்கையை நெஞ்சில் ஊன்றிக்கொண்டு பார்த்தால் வியாழனின் பெரிய நிலாக்கள் சின்னப் புள்ளிகளாக அதன் பக்கத்திலேயே வரிசை கட்டி நிற்கும், வெறும் கண்ணுக்கு ஆறேழு மீனாகத் தெரிகிற கார்த்திகை டஜன் கணக்கில் விரியும். நாம் தெற்கே இருப்பதில் ஒரு பெரிய லாபமும் உண்டு. ஒமேகா சென்டாரி என்கிற மாபெரும் நட்சத்திரக் கொத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில் எழுவதே இல்லை. நமக்கு ஏப்ரல், மே இரவுகளில் அது தெற்கே முப்பது டிகிரி உயரம் வரை ஏறுகிறது, பைனாகுலரிலேயே மங்கலான பஞ்சு உருண்டை மாதிரி தெரியும். கோத்தகிரியிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம்தான் மேட்டுப்பாளையம், கோவை வெளிச்சம், ஆனாலும் அதற்கு மேலே நன்றாகவே தெரிகிறது.

சரி, டெலஸ்கோப்புக்கு வருவோம். பெட்டியில் பெரிய எழுத்தில் 525 மடங்கு என்று போட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். முன் லென்ஸின், அல்லது லென்ஸுக்குப் பதில் குழாயின் அடியில் இருக்கிற குழிக்கண்ணாடியின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், உருப்படியாகப் பார்க்கக்கூடிய அதிகபட்ச உருப்பெருக்கம் அவ்வளவுதான். 70 மில்லிமீட்டருக்கு 140, அதுவும் காற்று அசையாத இரவில். எத்தனை மடங்கு கிடைக்கிறது என்பதற்கு, குழாயின் குவியத்தூரத்தை (லென்ஸிலிருந்து ஒளி ஒன்றுகூடும் புள்ளி வரை உள்ள தூரம்), கண் வைத்துப் பார்க்கிற சின்ன லென்ஸான ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும்: 400 மில்லிமீட்டர் குழாயில் 10 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 40 மடங்கு, சனியின் வளையத்தைப் பார்க்க அதுவே போதும். என் முதல் டெலஸ்கோப் அந்தப் பெரிய எண்ணை நம்பி வாங்கியது. ஸ்டாண்டின் கால்கள் குச்சி மாதிரி இருந்ததால், ஃபோகஸ் திருகைத் தொட்டாலே நிலா துள்ளும், சனியைக் கண்ணுக்குள் பிடித்து நிறுத்தவே முடியவில்லை. வாங்கிக் கொடுத்த அப்பாவுக்கு அதில் ஒருமுறைகூட ஒழுங்காக எதையும் காட்ட முடியாதது எனக்கு இன்றும் வருத்தம். கடையில் வாங்கும்போது தயங்காமல் குழாயை லேசாகத் தட்டிப் பாருங்கள், இரண்டு மூன்று நொடிக்குள் ஆட்டம் நிற்க வேண்டும்.

என் கணக்கில் இரண்டே வகைதான் மலைக்குப் பொருந்தும். ஒன்று, 70 அல்லது 80 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள குட்டைக் குழாய், உறுதியான கேமரா ஸ்டாண்ட் மேல். தோள்பையில் அடங்கும், கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம், நிலாவின் ஓரத்தில் கொஞ்சம் ஊதா நிறம் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, 114 அல்லது 130 மில்லிமீட்டர் கண்ணாடி உள்ள மேசை டாப்சோனியன். ஆறேழு கிலோதான், மரத்தட்டின் மேல் சுழலும், கால்களே கிடையாது. எங்கள் வீட்டில் அது துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்கிறது. மலைச்சரிவில் சமதரை எங்கே இருக்கிறது, அந்தக் கல்தான் அசையாத இடம். கண்ணாடி உள்ள டெலஸ்கோப் வெளிக்குளிருக்குப் பழக அரைமணி எடுக்கும் என்பதால் அடுப்புச் சூடு இல்லாத திண்ணையிலேயே வைத்திருங்கள். பயணத்தில் குலுங்கினால் கண்ணாடிகளை மறுபடி நேராக்கவும் வேண்டும், அது கற்றுக்கொள்ளக்கூடியதுதான். 114 மில்லிமீட்டர் கண்ணாடி, 1000 மில்லிமீட்டர் குவியத்தூரம், ஆனால் குழாய் அரை மீட்டர்தான் என்றால் மட்டும் வாங்காதீர்கள், உள்ளே ஒரு மலிவான லென்ஸை ஒளித்து வைத்திருப்பார்கள், படம் தெளியாது.

துருவ நட்சத்திரத்தைக் குறிவைத்து நிறுத்துகிற ஈக்வடோரியல் ஸ்டாண்ட் நமக்கு வேண்டாம். ஊட்டியில் அந்த நட்சத்திரம் பதினோரு டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது, கொடைக்கானலில் பத்து. வடக்கே ஒரு மேடோ நாலு கற்பூர மரமோ இருந்தால் கதை முடிந்தது. மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புகிற சாதாரண ஸ்டாண்டே போதும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றிக்கொள்ளுங்கள், இருட்டுக்குப் பழகிய கண் கெடாது.

1899-ல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் வீட்டிலும் சூரியனைப் பார்க்க ஆசைப்படுவார்கள். குழாயின் முன்வாயை முழுக்க மூடுகிற முறையான சூரிய ஃபில்டர் இல்லாமல் ஒரு நொடிகூட விடாதீர்கள். ஐபீஸில் திருகுகிற சின்னக் கறுப்பு ஃபில்டர் சூட்டில் வெடிக்கும். அதைக் குப்பையில் போடுங்கள்.

மலையில் லென்ஸுக்கு எதிரி பனிதான். கறுப்பு யோகா பாயை வெட்டிக் குழாயின் முனையில் ஒரு சாண் நீளத்துக்குச் சுற்றினால் ஈரம் படிவது தள்ளிப்போகும். பார்த்து முடித்ததும் மூடியை வெளியிலேயே போட்டுவிட்டு உள்ளே கொண்டு போங்கள், இல்லாவிட்டால் வீட்டின் வெதுவெதுப்பில் குளிர்ந்த கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். மறுநாள் காலையில் வெயிலில் குழாயை ஒரு மணி நேரம் உலரவிட்டு, மூடியைக் கழற்றாமலே, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் அடையுங்கள். ஜூன் பிறந்துவிட்டால் மாதம் ஒருமுறை அந்தப் பொட்டலத்தை மாற்றுங்கள். மாற்றாமல் விட்ட ஒரே மழைக்காலத்தில் என் பைனாகுலரின் உள்லென்ஸில் பூஞ்சை சிலந்திவலை மாதிரி படர்ந்துவிட்டது.