விலை ஏறினால் கேள்வி குறையாது

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் டியூஷன் எடுக்கிறேன். தலைப்பிலுள்ள கேள்வி வினா அல்ல, வாங்குவோர் பக்கத்துத் தேவை (demand). முதல் வருடப் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்தால் என் பழைய கொப்பியைத் திருத்துவது போலவே இருக்கும். எழுத்துப்பிழை, அச்சுக்குப் பெயர் போடாத வரைபடம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். இரண்டு தரம் புள்ளி வெட்டினால் அவை தானாகத் திருந்தும். அப்படித் திருந்தாதவை கீழே.

விலை ஏறியதும் கேள்வி வளையியை நகர்த்துவது

ஒவ்வொரு விலைக்கும் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடுதான் கேள்வி வளையி. அதைத் தேவையில்லாமல் நகர்த்துவது எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது. போன தவணையில் ஒரு வினா கொடுத்தேன்: நுவரெலியாவில் மழையால் கரட் அறுவடை பாதித்தால் சந்தையில் என்ன நடக்கும்? ஒரு பிள்ளை எழுதியது: நிரம்பல் (விற்போர் பக்கத்து அளிப்பு) குறையும், விலை ஏறும். சரி. விலை ஏறியதால் கேள்வி குறையும், கேள்வி வளையி இடப்பக்கம் நகரும், விலை இறங்கும். இறங்கியதும் கேள்வி கூடும், வளையி வலப்பக்கம் நகரும்... செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி, கடைசியில் கரட் விலை ஏறியதா இறங்கியதா என்று எழுதிய பிள்ளைக்கே தெரியவில்லை.

குறைந்தது கேள்வி அல்ல, கேள்வித் தொகை, அதாவது அந்த விலையில் வாங்கும் அளவு. விலை ஏறும்போது அதே வளையியில் மேலே ஏறுகிறோம், அவ்வளவுதான். வளையியே நகர வேண்டுமானால் கரட் விலை அல்லாத வேறு ஏதாவது மாற வேண்டும்: வருமானம், விருப்பம், எதிர்பார்ப்பு, போஞ்சி போன்ற பிரதியீட்டுப் பண்டத்தின் விலை.

நான் முதல் தடவை பரீட்சை எழுதியபோது இதே பிழையை (அ) பகுதியில் விட்டேன். அது சமநிலை (கேள்வியும் நிரம்பலும் சந்திக்கும் இடம்), நுகர்வோர் மிகை (கொடுக்கத் தயாரான விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) என்று கீழே இருந்த பகுதிகளையும் இழுத்துக்கொண்டு போனது. அடுத்த வருடம் திரும்ப எழுதினேன். அதனால்தான் இந்தக் கோபம்.

2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது தேயிலைக்கு நடந்ததை வரைந்து பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு அதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? கொழுந்து குறைந்தது, நிரம்பல் வளையி இடப்பக்கம் போனது. பேனையை அங்கேயே கீழே வையுங்கள்.

பணவீக்கம் குறைந்தால் விலையும் குறைந்ததாக எழுதுவது

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். ஒரு வருடம் கழித்து 1.3 வீதம். "விலைகள் குறைந்தன" என்று எழுதியவனை, வீட்டில் 2021ஆம் வருடக் கடைச்சிட்டை இருந்தால் தேடிப் பார்க்கச் சொன்னேன். பொது விலைமட்டம் இறங்கவில்லை. ஏறும் வேகம்தான் குறைந்தது.

இந்தியக் காணொளிச் சொற்கள்

அங்கே தேவை, அளிப்பு. நமக்குக் கேள்வி, நிரம்பல்.

சம்பள வினாவுக்கு மேடைப் பேச்சு

தோட்டத் தொழிலாளருக்கு 2021இல் வந்த 1000 ரூபாய் நாட்சம்பளத்தைப் பற்றி எழுதச் சொன்னால் இரண்டு பக்கத்துக்கு அம்மாவின் கூடையும் அட்டைக்கடியும் வரும். நியாயமான கோபம்தான், நானும் லயத்தில் வளர்ந்தவன். ஆனால் புள்ளி இருப்பது சமநிலைக்கு மேலே வரைந்த ஆகக்குறைந்த கூலிக் கோட்டில், அங்கே ஊழியத்தின் கேள்வித் தொகைக்கும் நிரம்பல் தொகைக்கும் இடையில் விழும் இடைவெளியில். அதை வரையுங்கள். அப்புறம் இடமிருந்தால் அம்மாவைப் பற்றி எழுதலாம்.

நேரம்

இரண்டாம் தாளில் மூன்று மணித்தியாலம், ஐந்து வினா. வகுத்துக்கொள்ளுங்கள்.