கேம் மாஸ்டரின் திரைக்குப் பின்னால் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது

1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடப்படும் ரோல்பிளேயிங் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொது இயல்பு உண்டு: கதையை நடத்தும் கேம் மாஸ்டருக்கு எல்லாம் தெரியும், மற்றவர்களுக்கு அவர் சொல்வது மட்டுமே தெரியும். வரைபடமும் வில்லனின் திட்டமும் பூட்டிய அறைக்குள் இருப்பதும் அவருடைய அட்டைத் திரைக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. அப்படி மறைக்கும் உரிமையைப் பொய் சொல்லும் உரிமையாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அண்ணா நகரிலோ பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்ககங்களிலோ ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் குழுக்கள் கலையும்போது, ‘யாருக்கும் நேரம் ஒத்துவரவில்லை’ என்பதே காரணமாகச் சொல்லப்படும். கொஞ்சம் விசாரித்தால், மேசையில் யாரோ யாரையோ நம்பாமல் போன கதை ஒன்று பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்திருக்கும்.

முதல் தவறு, கதாபாத்திரத்தின் பொய்யையும் கேம் மாஸ்டரின் பொய்யையும் குழப்பிக்கொள்வது. கதையில் வரும் வட்டிக்கடைக்காரர் வாய் கூசாமல் பொய் சொல்லலாம். அவரை நம்பி மோசம் போவது ஆட்டத்தின் சுவைகளில் ஒன்று. ஆனால் அவர் உண்மை பேசுகிறாரா என்று கணிக்க ஆட்டக்காரர் பகடையை உருட்டி, எண் குறைவாக விழுந்தபின், கேம் மாஸ்டர் சொல்லும் பதில் அவருடைய சொந்தக் குரலில் வருவது. “அவர் உண்மையைத்தான் சொல்கிறார்” என்று சொன்னால் அது அப்பட்டமான பொய். “அவர் பொய் சொல்வதாக உனக்குப் படவில்லை” என்றால் அதில் பொய்யில்லை; பாத்திரத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். வேறுபாடு சிறியதுதான். ஆனால் முதல் வகைப் பதிலால் இரண்டு முறை ஏமாந்த குழு, அதன்பின் “அறையில் ஒரு மேசை இருக்கிறது” என்று சொன்னால்கூட அந்த மேசையைக் கழியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகும், ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதிலேயே போய்விடும்.

அடுத்தது, அதிகம் வாதிக்கப்படும் விஷயம்: திரைக்குப் பின்னால் விழுந்த எண்ணை மாற்றிச் சொல்வது. அதைச் செய்கிறவர்களின் நோக்கம் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். ஒருவர் ஆசை ஆசையாக உருவாக்கிய பாத்திரம் முதல் சண்டையிலேயே சாகக்கூடாது என்ற இரக்கம் அது. ஆனால் அந்த இரக்கத்துக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-ஆம் ஆண்டு விதிகளை எடுத்துக்கொள்வோம். ஏழு ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) மட்டுமே உள்ள முதல் நிலை மந்திரவாதியைக் கத்தியோடு ஒரு காப்ளின், அதாவது ஒரு குட்டிப் பூதம், தாக்குகிறது. சாதாரண அடியில் விழும் சேதம், ஓர் ஆறு பக்கப் பகடையின் எண்ணோடு 2 சேர்த்து, 3 முதல் 8 வரை. முழு நலத்தோடு இருக்கும் அவர் ஒரே அடியில் அந்த இடத்திலேயே சாக வேண்டுமானால், சேதம் 14 ஆக வேண்டும்: பூஜ்யமாக்க ஏழு, அதற்கு மேல் இன்னொரு ஏழு. அதற்கு இருபது பக்கப் பகடையில் 20 விழுந்து, பிறகு இரண்டு ஆறு பக்கப் பகடைகளிலும் 6 விழ வேண்டும். 720 தாக்குதல்களுக்கு ஒருமுறை நடக்கக்கூடிய விஷயம் இது. ஹிட் பாயின்ட் பூஜ்யமாகி விழுந்தாலும் உடனே மரணமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டி, 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு வெற்றி என்று கணக்கிட்டு, மூன்று தோல்விக்கு முன் மூன்று வெற்றி கிடைத்தால் உயிர் தங்கிவிடும். யாரும் உதவாவிட்டாலும், மேலும் அடி விழாதவரை, பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு. போதாததற்கு, கைகலப்பில் ஒருவரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் எதிரி, கொல்லாமல் மயக்கமடையச் செய்யலாம் என்றும் அதே விதிகள் அனுமதிக்கின்றன. காப்ளின்கள் மந்திரவாதியைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகட்டும். மீட்கப் போவது அடுத்த வாரத்துக் கதையாகும். இத்தனை வழிகள் விதிக்குள்ளேயே இருக்கும்போது எண்ணைத் திருத்துவது, இரக்கத்தைவிடச் சோம்பலுக்கே நெருக்கமானது என்பது என் கருத்து.

திருத்தியது தெரியவரும்போது நேரும் இழப்பும் பெரியது. அன்றைக்குக் காப்பாற்றப்பட்டவர், தான் அதற்கு முன் வென்ற சண்டைகள் அனைத்தையும் சந்தேகிக்கத் தொடங்குவார். அந்தச் சந்தேகத்துக்கு விடை கொடுக்க கேம் மாஸ்டரிடம் எந்தச் சான்றும் இருக்காது. பழைய விதிப் புத்தகங்களே எண்ணைத் திருத்துவதை அனுமதித்தன என்று வாதிப்பவர்கள் உண்டு. அனுமதி இருக்கட்டும், குழுவிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் பெற்றால் எனக்கும் மறுப்பில்லை. சண்டைப் பகடைகளை மேசை நடுவில் எல்லோரும் பார்க்க உருட்டுவதும், பதுங்கியிருக்கும் எதிரியைக் கண்டார்களா என்பது போன்ற, எண்ணைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும் பகடைகளை மட்டும் திரைக்குப் பின் வைப்பதும் நல்ல நடுவழி. கேம் மாஸ்டர் பகடையே உருட்டாத அப்போகலிப்ஸ் வேர்ல்டு போன்ற ஆட்டங்களும் 2010 முதல் இருக்கின்றன. அங்கே இந்த வழக்குக்கே இடமில்லை.

தெரிவு கொடுப்பதுபோல் நடிப்பது இன்னொரு தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு மெட்ராஸில் நடக்கும் ஒரு கதையில், குழு பழவேற்காட்டுக்குப் போக வேண்டும்: கால்வாயில் படகிலா, கடலோரமாக நடந்தா? எதையும் விசாரிக்காமல் ஏதோ ஒரு வழியில் அவர்கள் போனால், கேம் மாஸ்டர் எழுதி வைத்த கொள்ளைக் கூட்டத்தை அந்த வழியில் நிறுத்துவதில் குற்றமில்லை. வாரநாள் இரவுகளில் வேலை முடிந்து வந்து ஆட்டம் தயாரிப்பவருக்கு அந்தச் சிக்கனம் தேவை. ஆனால் அவர்கள் ஒரு மீனவருக்குப் பணம் கொடுத்து விசாரித்து, கொள்ளையர் கால்வாயில் காத்திருப்பதை அறிந்து, அதனாலேயே கடலோரத்தைத் தேர்ந்தெடுத்தபின், அதே கூட்டத்தைத் தூக்கிக் கடலோரத்தில் வைத்தால் அது மோசடி. அவர்கள் செலவழித்த பணமும் யோசனையும் வீணாகின்றன. அடுத்தமுறை விசாரிக்கவே மாட்டார்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் பேச வேண்டியதைப் பேசாமல் விடுவது, சென்னைக் குழுக்களில் நான் அதிகம் பார்க்கும் குறை. பலருக்கும் கேம் மாஸ்டர் அலுவலகத்திலோ கல்லூரியிலோ மூத்தவர், ‘அண்ணா’. “அண்ணா, அந்தக் காட்சி வேண்டாமே” என்று நான்கு பேர் முன்னால் சொல்ல நாக்கு எழாது. நகரம் நீரில் மூழ்குவதை வெறும் விறுவிறுப்பான திருப்பமாக ஒருவர் எழுதியிருப்பார். 2015 டிசம்பரில் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்த முடிச்சூர்க்காரர் ஒருவர் அதே மேசையில் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார், அடுத்த வாரம் வரமாட்டார். எனவே, ‘செஷன் ஜீரோ’ எனப்படும் முன்கூட்டத்தில், எவையெல்லாம் வரவே கூடாது, எவை மேலோட்டமாக மட்டும் வரலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் தனியாகச் சொல்லவும் இடம் கொடுக்க வேண்டும். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் முன்வைத்த எக்ஸ் கார்டும் இதற்கு உதவும்: மேசையில் இருக்கும் அட்டையைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அந்தப் பகுதி விலக்கப்படும். ஒருவருக்கொருவர் துரோகம் செய்வதையே சுவையாகக் கொண்ட ஆட்டங்களுக்கும் இந்தப் பேச்சு பொருந்தும். 1984-இல் வந்த பாரனோயாவில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தாலும் நட்பு முறிவதில்லை. உட்காரும்போதே எல்லோருக்கும் அது தெரியும் என்பதுதான் காரணம்.

ஆட்டக்காரர்களின் பக்கமும் கணக்கு உண்டு. உருட்டிய பகடையை மற்றவர் பார்க்கும் முன் அள்ளிவிட்டு “பதினெட்டு” என்பது, அம்பு தீர்ந்ததைக் குறிக்காமல் விடுவது, அச்சில் வந்த சாகசக் கதையை முன்பே படித்துவிட்டு ரகசியக் கதவு இருக்கும் சுவரை நேராகப் போய்த் தட்டுவது ஆகியவை எல்லா ஊரிலும் உள்ளவை. படித்திருந்தால் முதலிலேயே கேம் மாஸ்டரிடம் சொல்லிவிடலாம். அவர் கதவை இடம் மாற்றிவிடுவார், அவ்வளவுதான். கூட இருப்பவரின் பையிலிருந்து திருடிவிட்டு “என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்” என்று ஒதுங்குவதும் நேர்மையின்மையே, ஏனெனில் அந்தக் கேரக்டரை உருவாக்கியவர் அவரேதான்.

ஒருவர் எண்ணை மாற்றிச் சொல்கிறார் என்று சந்தேகம் வந்தால், எல்லோர் முன்னாலும் அவரைப் பிடிப்பது பெரும்பாலும் குழுவை முடித்துவைக்கும். கேம் மாஸ்டர் முதலில் தன் திரையை மடித்து வைத்துவிட்டு, மேசை நடுவில் ஒரு தட்டை வைத்து, “இனி எல்லோருடைய பகடையும் இதில்தான், என்னுடையதும்” என்று பொதுவாகச் சொன்னால் யார் பெயரும் அடிபடாது. அதற்குப் பிறகும் தட்டுக்கு வெளியே விழுந்த பகடையை ஒருவர் கணக்கில் சேர்க்கிறார் என்றால் மட்டும், ஆட்டம் முடிந்து கீழே டீ குடிக்கப் போகும்போது தனியாகப் பேசலாம்.