வக்கீல் ஆகாமலே ஒரு குழந்தைக்காகக் கோர்ட்டில் பேசலாம்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களிடம் காசா (CASA, குழந்தைக்காகப் பேச நீதிமன்றமே தன்னார்வலரை நியமிக்கும் திட்டம்) பற்றிப் பேச்செடுத்தாலே "எனக்குச் சட்டமெல்லாம் தெரியாதே" என்பார்கள். தெரிய வேண்டியதில்லை. வீட்டில் அடி உதை பட்டோ, கவனிக்க ஆளில்லாமலோ நீதிமன்றம் வரை வந்துவிட்ட ஒரு குழந்தையுடன் பழகி, அதற்கு எது நல்லது என்று நீதிபதியிடம் சொல்வதுதான் வேலை. அரைகுறை விவரத்தை வைத்துக்கொண்டு குழந்தைகளின் வாழ்க்கையை முடிவு செய்ய மனம் ஒப்பாமல், சியாட்டில் நீதிபதி டேவிட் சூக்கப் 1977-ல் இதைத் தொடங்கினார்.

முதலில் உங்கள் கவுண்டியின் காசா அலுவலகத்தில் அறிமுகக் கூட்டம் எப்போது என்று கேளுங்கள். சில மாநிலங்களில் இதே வேலைக்கு கார்டியன் அட் லைட்டம் என்று பெயர். பெரும்பாலும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பம், நேர்காணல், பின்னணிச் சோதனை, 30 மணி நேரப் பயிற்சி, அப்புறம் நீதிபதி முன் உறுதிமொழி.

வழக்கு ஒரு வருடத்தையும் தாண்டி இழுக்கலாம், மாதம் ஒரு முறையாவது குழந்தையைப் போய்ப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்தில் ஊர் மாறுகிற யோசனை இருந்தால் தயவுசெய்து இப்போது சேராதீர்கள், ஏற்கெனவே வீடும் பள்ளியும் மாறி மாறி அலைந்த பிள்ளையை நீங்களும் பாதியில் விட்டுப் போகக்கூடாது.

முதல் சந்திப்பில் வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள். தரையில் உட்கார்ந்து கூட வண்ணம் தீட்டுங்கள், போதும். "சீக்கிரம் அம்மாகிட்ட போயிடலாம்" என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை, ஆனால் பிள்ளை அதையே நம்பிக்கொண்டிருக்கும்.

ஆசிரியர், மருத்துவர், வளர்ப்புப் பெற்றோர், சமூகப் பணியாளர் எல்லோரிடமும் பேசிவிட்டு நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். உண்மையான உழைப்பு இதில்தான். "குழந்தையைச் சரியாகக் கவனிக்கவில்லை" என்று எழுதினால் நீதிபதிக்கு ஒன்றும் விளங்காது. "ஷூ இரண்டு சைஸ் சின்னது, குதிகாலில் கொப்புளம், கேட்டதற்குப் போன மாதத்திலிருந்தே வலிக்கிறது என்றான்" என்று எழுதினால் அடுத்து என்ன செய்யலாம் என்று அவர் யோசிப்பார். கண்ணால் பார்த்ததையும் பிறர் சொன்னதையும் தனித்தனியாக எழுதுங்கள்.

இன்னொன்று, நம்மில் பலருக்கு உறைக்க வேண்டியது. பாத்திரம் குவிந்து கிடக்கிற ஏழை வீட்டைப் பார்த்ததும் மோசமான பெற்றோர் என்று முடிவுகட்டிவிடுகிறோம். வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு. பெற்றோரிடமே பிள்ளையைப் பாதுகாப்பாகச் சேர்க்க முடியுமா என்றுதான் பெரும்பாலான வழக்குகளில் நீதிமன்றம் முதலில் பார்க்கும்.

பணம் கொடுப்பது, உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போவது இரண்டும் கூடாது. பெயர், படம், கதை எதுவும் வெளியே போகக்கூடாது, வாட்ஸ்அப் குடும்பக் குழு உட்பட. பார்த்துவிட்டு வந்ததும் காரைக் கிளப்புவதற்கு முன்பே குறிப்பு எழுதிவிடுங்கள், வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் பிள்ளை சொன்ன வார்த்தை அப்படியே நினைவில் நிற்காது.