அட்மிரப்ளி: நம்ம புள்ளைங்க எழுதும்போது எங்கெங்க பிழைக்குது

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் ஏ/எல் முடிச்ச புள்ளைங்க வேலைக்கு அப்ளை பண்ணி எழுதுற லெட்டர்லயும் டீச்சர்மார் எழுதிக் குடுக்குற கேரக்டர் சர்டிபிகேட்லயும் நான் பாக்குற ஒரு இங்கிலீஷ் சொல்லு அட்மிரப்ளி (admirably). ரொம்ப நல்ல சொல்லு, சரியான எடத்துல வச்சா அந்த ஒரு சொல்லே ஒரு ஆள பத்தி நிறைய சொல்லிரும், எடம் மாறிட்டா வாசிக்கிறவருக்கு அர்த்தமே வேற மாதிரி போகும்.

அர்த்தம் இதுதான்: பாக்குறவங்க மனசுல மதிப்பு வாற அளவுக்கு நல்லா. மதிப்பு வாறது பாக்குற நமக்கு, ஆனா சொல்லு போய் ஒட்டுறது செஞ்சவங்க வேலையில.

இங்கதான் பெரிய பிழையே நடக்குது, ஏன்னா அட்மயரிங்லின்னு (admiringly) இன்னொரு சொல்லு இருக்கு, ரெண்டும் ஒன்னுன்னு நெனச்சு மாத்தி மாத்தி எழுதுறாங்க. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவுல இருக்கே ஒன்பது வளைவு பாலம், 1921ல கட்டி முடிச்சது, அத பாக்க வாற வெள்ளைக்காரங்க வாய பொளந்துக்கிட்டு நிப்பாங்க தானே, அது அட்மயரிங்லி பாக்குறது, வியப்பு பாக்குறவங்க கிட்ட இருக்கு. நூறு வருசம் தாண்டியும் ரயில தாங்கிக்கிட்டு அந்த பாலம் தன் வேலைய அட்மிரப்ளி செய்யுது, இங்க பாராட்டு பாலத்துக்கு. இத மாத்தி "தே லுக்ட் அட்மிரப்ளி அட் த பிரிட்ஜ்"னு எழுதினா அவங்க பாத்த விதத்த நம்ம பாராட்டுறோம்னு ஆயிரும், யாரும் அப்பிடி சொல்ல நெனைக்க மாட்டாங்க.

அடுத்தது நம்ம தமிழ்ல இருந்தே வாற பிழை, இதுக்கு புள்ளைங்கள ஏசக்கூடாது, காரணம் தெரிஞ்சு சொல்லிக் குடுக்கணும். தமிழ்ல "அவ பொறுமை அருமையா இருக்கு"ன்னும் சொல்வோம், "அவ அருமையா பாடினா"ன்னும் சொல்வோம், ரெண்டுலயும் அதே "அருமையா". அதனால புள்ளைங்க "ஹேர் பேஷன்ஸ் இஸ் அட்மிரப்ளி"ன்னு எழுதிடுறாங்க. அங்க அட்மிரபிள் (admirable)தான் வரணும். பாடினா, சமாளிச்சா, உதவினான்னு ஒரு செயல் இருந்தாத்தான் அட்மிரப்ளி. ஆனா இஸ் வந்தாலே அட்மிரப்ளி வரக்கூடாதுன்னும் மனப்பாடம் பண்ணிறாதீங்க, "தி க்ளைமேட் இஸ் அட்மிரப்ளி சூட்டட் டு டீ"ன்னா சரிதான், நம்ம மலைக்குளிர் தேயிலைக்கு அவ்வளவு பொருத்தம்னு சொல்றோம், அங்க அட்மிரப்ளி பின்னால வாற சூட்டடத்தான் தூக்கிப் பிடிக்குது.

சொல்ல எங்க வைக்கிறதுங்கிறதும் இதே கதைதான். தமிழ்ல "பிரச்சினைய அருமையா சமாளிச்சா"ன்னு வினையோட ஒட்டி வரும், அந்த பழக்கத்துல "ஷி ஹேண்டில்ட் அட்மிரப்ளி த ப்ராப்ளம்"னு எழுதுறாங்க. ஹேண்டில்டுக்கும் ப்ராப்ளத்துக்கும் நடுவுல நுழைக்காம கடைசில வைங்க, "ஷி ஹேண்டில்ட் த ப்ராப்ளம் அட்மிரப்ளி".

உச்சரிப்பு. அட்மயர்னு சொல்லும்போது அழுத்தம் "மய"ல விழும், அத அப்பிடியே கொண்டு வந்து "அட்மயரப்ளி"ன்னு சொல்றவங்க நிறைய பேர், இன்டர்வியூல இது பளிச்சுனு கேக்கும். அழுத்தம் முதல் அசையில, அட்-மிரப்ளி, "மய" சத்தமே வராது. ஸ்பெல்லிங்ல அட்மிரபிளோட கடைசி e எழுத்த எடுத்துட்டு y போட்டா போதும், முழு சொல்லையும் வச்சுக்கிட்டு பின்னால ly சேக்கத் தேவையில்ல. அட்மிரல்னு கடற்படை அதிகாரிய சொல்றாங்களே, சத்தம் ஒத்துப் போனாலும் அதோட வேர் அரபு அமீர், இந்த சொல்லு லத்தீன்ல வியக்கிறதுங்கிற அர்த்தத்துல இருந்து வந்தது.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படுறது. அப்ளிகேஷன்ல "ஐ பெர்ஃபார்ம்ட் அட்மிரப்ளி"ன்னு தன்னப் பத்தி தானே எழுதாதீங்க, பாராட்டு அடுத்தவங்க வாயில இருந்து வரவேண்டியது, நீங்களே எழுதினா பெருமை அடிக்கிற மாதிரி விழும். செஞ்ச வேலைய சொல்லுங்க, என்ன பொறுப்பு, எத்தன பேர பாத்துக்கிட்டீங்கன்னு. மேலதிகாரிக்கு "யூ டிட் அட்மிரப்ளி"ன்னு மெசேஜ் போடுறதும் வேணாம், பெரியவங்க சின்னவங்கள தட்டிக் குடுக்குற தொனி அதுல இருக்கு.

சர்டிபிகேட் எழுதுற டீச்சர்மாருக்கும் ஒரு வேண்டுகோள், எல்லா புள்ளைக்கும் இதே சொல்ல போடாதீங்க. கஷ்டமான சூழ்நிலையில ஒருத்தர் நல்லா செஞ்சாங்கன்னு சொல்லும்போதுதான் இதுக்கு வலு. காலையில தம்பி தங்கச்சிய ஸ்கூலுக்கு ரெடி பண்ணி, அம்மா மலையில கொழுந்து எடுத்துட்டு வாற வரைக்கும் லயத்துல வீட்டையும் பாத்துக்கிட்டு பரீட்சைக்கு படிச்ச புள்ளைக்கு "ஷி கோப்ட் அட்மிரப்ளி"ன்னு எழுதுங்க, எத சமாளிச்சான்னு அதுக்கு முன்னால ஒரு வரி சேத்து எழுதுங்க.